ஒரே லேப்டாப்பில் நாலு லோக்கல் சைட், எல்லாத்துக்கும் எச்டிடிபிஎஸ்: செல்ஃப் சைன்டு சான்றிதழ் சரிப்படலை, ஒழுங்கான வழி என்ன?

பனையோலை கேட்டது:

உபுண்டு 24.04. ஒரே ப்ராஜெக்ட்டோட நாலு துண்டு இந்த லேப்டாப்புலயே ஓடுது. கடை முகப்பு ரியாக்ட்ல, வைட் சர்வர் போர்ட் 5173. ஏபிஐ எக்ஸ்பிரஸ்ல, போர்ட் 4000. அட்மின் லாராவெல், பிஎச்பி-எஃப்பிஎம் 8.3. வலைப்பூவுக்கு வேர்ட்பிரஸ். இப்போதைக்கு எல்லாமே லோக்கல்ஹோஸ்ட், போர்ட் நம்பர் மட்டும் வேற வேற.

தலைவலி மூணு. அட்மின்ல லாகின் பண்ணா கடைப் பக்கத்து லாகின் போயிடுது. பேமென்ட் கேட்வே திரும்பி வர்ற முகவரி எச்டிடிபிஎஸ்ஸா இருந்தே ஆகணும்னு அடம்பிடிக்குது. ஏபிஐ குக்கிக்கு செக்யூர் போட்டா எக்ஸ்பிரஸ் குக்கியையே அனுப்ப மாட்டேங்குது.

ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு செல்ஃப் சைன்டு சான்றிதழ் (நானே கையெழுத்துப் போட்டது) போட்டேன். குரோம் "காமன் நேம் இன்வேலிட்"னு சொல்லுது, அதே பெயரைத்தான் காமன் நேம்ல கொடுத்திருக்கேன். அட்வான்ஸ்டு போய் "பரவாயில்லை, போ"னு தட்டினா பக்கம் வருது, ஆனா ஏபிஐக்குப் போற ஃபெட்ச் எல்லாம் ஃபெயில். நாளைக்கு அஞ்சாவது சைட் வந்தா மறுபடி இந்தக் கூத்து வேண்டாம். ஒரு தடவை செட் பண்ணா நிக்கற மாதிரி வழி இருந்தா சொல்லுங்க.

வெட்டிவேர்:

முதலில் அந்த குரோம் எரர். காமன் நேமில் என்ன எழுதினாலும் குரோம் பார்க்காது. 2017இல் வந்த 58ஆம் பதிப்போடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம் என்ற பகுதியில் இருக்கும் பெயர்கள் மட்டும்தான் கணக்கு. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் வழிமுறைகளில் பாதி இந்தப் பகுதியைச் சேர்ப்பதே இல்லை, அதனால்தான் பெயர் சரியாக இருந்தும் அடி வாங்குகிறீர்கள்.

ஃபெட்ச் ஃபெயில் ஆவது வேறு கதை. "பரவாயில்லை, போ" என்று தட்டும் அனுமதி நீங்கள் தட்டிய முகவரிக்கு மட்டும். கடைப் பக்கத்துக்குத் தட்டினால் ஏபிஐக்கு அது செல்லாது. முழுப் பக்கமாகத் திறந்தால்தான் எச்சரிக்கைத் திரை வரும். பின்னால் ஓடும் ஃபெட்சுக்கு அந்தத் திரையைக் காட்ட இடமில்லை, அதனால் கன்சோலில் ஒரு சிவப்பு வரியோடு செத்துவிடும். சர்வீஸ் வொர்க்கர் பதிவாவதும் இந்தத் தட்டி நுழைந்த பக்கத்தில் நடக்காது. ஆகவே தட்டித் தட்டிப் போகும் வழியை மறந்துவிடுங்கள். சான்றிதழில் கையெழுத்திடும் ரூட் சிஏ (சான்றிதழ் வழங்கும் மூல அமைப்பு) ஒன்று உங்கள் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும், பிரவுசர் அதை நம்ப வேண்டும். அந்த ஒன்று சரியானால் எத்தனை சைட் வந்தாலும் கவலை இல்லை.

லாகின் அடித்துக்கொள்வதற்குக் காரணம் குக்கிக்குப் போர்ட் வித்தியாசம் தெரியாது என்பது. லோக்கல்ஹோஸ்ட் 4000, லோக்கல்ஹோஸ்ட் 8000 இரண்டும் குக்கிக்கு ஒரே வீடு. ஒரே பெயரில் இரண்டு ஆப் குக்கி வைத்தால் பிந்தியது முந்தியதை அழிக்கும். ஆளுக்கொரு ஹோஸ்ட் பெயர் கொடுத்தால்தான் தீரும்.

எந்தப் பெயர் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. டாட் டெவ் வேண்டாம். அது கூகுள் வாங்கி வைத்திருக்கும் உண்மையான டொமைன், மொத்தமும் எச்எஸ்டிஎஸ் ப்ரீலோட் பட்டியலில் (பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்கும் பெயர்கள்) இருக்கிறது. டாட் லோக்கல் வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (உள் நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கியது. சில மெஷின்களில் ஒவ்வொரு பெயர்த் தேடலும் சில நொடி தொங்கும். டாட் டெஸ்ட் இதற்கென்றே 1999இல் ஆர்எஃப்சி 2606 ஒதுக்கி வைத்தது, இணையத்தில் யாருக்கும் விற்கப்போவதில்லை. அதையே எடுங்கள்.

நாலையும் ஒரே பெயரின் கீழ் வையுங்கள்: கடை.டெஸ்ட், ஏபிஐ.கடை.டெஸ்ட், அட்மின்.கடை.டெஸ்ட், வலைப்பூ.கடை.டெஸ்ட். இது அழகுக்காக இல்லை. ஒரே தலைப்பெயரின் கீழ் இருந்தால் பிரவுசர் கணக்கில் நாலும் சேம்-சைட், அதனால் சேம்சைட் லாக்ஸ் குக்கியே ஃபெட்சிலும் போய்ச் சேரும். கடை.டெஸ்ட், ஏபிஐ.டெஸ்ட் என்று தனித்தனியாக வைத்தால் இரண்டும் அந்நியர்கள். சேம்சைட் நன் போட வேண்டி வரும், புரொடக்‌ஷனில் இல்லாத சிக்கலை லோக்கலில் துரத்திக்கொண்டிருப்பீர்கள். சேம்-சைட் என்பதற்காக கார்ஸ் (வேறு ஆரிஜினிலிருந்து வரும் கோரிக்கைக்கு சர்வர் தரும் அனுமதி) தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரிஜின் வேறுதான், அனுமதி ஹெடரும் கிரெடென்ஷியல்ஸும் வேண்டும்.

பெயர்களை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் போடுங்கள். 127.0.0.1 எழுதி, இடைவெளி விட்டு, அதே வரியில் நாலு பெயரும். அந்த ஃபைலில் நட்சத்திரக் குறி வேலை செய்யாது, ஒவ்வொரு பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். முப்பது நாற்பது சைட் இருப்பவர்கள் டிஎன்எஸ்மாஸ்க் வைக்கலாம், ஆனால் உபுண்டுவில் போர்ட் 53இல் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் முதல் நாளே முட்டும். அஞ்சு சைட்டுக்கு அந்த வம்பு வேண்டாம்.

சான்றிதழுக்கு எம்கேசெர்ட், லோக்கல் சிஏவும் சான்றிதழும் உருவாக்கித் தரும் கருவி. 24.04இல் ஆப்ட்டிலேயே கிடைக்கிறது. கூடவே லிப்என்எஸ்எஸ்3-டூல்ஸ் என்ற பேக்கேஜையும் சேர்த்துப் போடுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் குரோமும் ஃபயர்பாக்ஸும் சிஸ்டத்தின் நம்பிக்கைப் பட்டியலைப் பார்க்காமல் தங்கள் என்எஸ்எஸ் டேட்டாபேஸைப் பார்க்கின்றன. அதில் எழுத இந்த டூல்ஸ் தேவை. இல்லையென்றால் கர்ல் பச்சை, குரோம் சிவப்பு என்ற வேடிக்கை நடக்கும்.

பிறகு எம்கேசெர்ட்டை இன்ஸ்டால் ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டுங்கள். முன்னால் சூடோ போடாதீர்கள். தேவையான இடத்தில் அதுவே பாஸ்வேர்டு கேட்கும். சூடோவோடு ஓட்டினால் ரூட் பயனரின் ஹோம் டைரக்டரியில் இன்னொரு சிஏ உருவாகும், உங்கள் பிரவுசர் ப்ரொஃபைலுக்கு அது எட்டாது, எந்தச் சான்றிதழ் எந்த சிஏ கொடுத்தது என்று பிறகு குழம்புவீர்கள். ஃபயர்பாக்ஸை ஒரு தடவையாவது திறந்திருக்க வேண்டும், ப்ரொஃபைல் இல்லாவிட்டால் எழுத இடமில்லை. முடிந்ததும் பிரவுசர்களை முழுதாக மூடித் திறக்கவும்.

அடுத்து சான்றிதழ். ஒரே கட்டளையில் இரண்டு பெயர் கொடுங்கள்: கடை.டெஸ்ட், அதோடு நட்சத்திரம் புள்ளி கடை.டெஸ்ட். இரண்டாவதை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெல் நட்சத்திரத்தை விரிக்கப் பார்க்கும். நட்சத்திரப் பெயர் மொட்டைப் பெயரை உள்ளடக்காது, அதனால்தான் இரண்டும். ஒரு படி ஆழம்தான் செல்லும், வி2.ஏபிஐ.கடை.டெஸ்ட் என்று போனால் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாக நட்சத்திரம் புள்ளி டெஸ்ட் என்று வாங்கிவிடலாமே என்று தோன்றும். பிரவுசர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை, டாட் காம் முழுதுக்கும் ஒரே சான்றிதழ் கேட்பது போன்றது அது.

செர்ட்-ஃபைல், கீ-ஃபைல் ஆப்ஷன்களில் பெயர் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். விட்டால் பெயருக்குப் பின்னால் கூட்டல் 1 என்று ஒட்டி ஒரு ஃபைல் வரும். நாளைக்கு இன்னொரு பெயர் சேர்த்தால் கூட்டல் 2 ஆகும், கான்ஃபிக் பழைய ஃபைலையே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து என்ஜின்எக்ஸ் பக்கம், நாலு சைட்டுக்கும் முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் வெப் சர்வர் இது. நாலு சர்வர் பிளாக், நாலும் 443இல் கேட்கட்டும், நாலுக்கும் அதே சான்றிதழும் கீயும். எந்தப் பெயர் வேண்டும் என்று பிரவுசர் கைகுலுக்கும்போதே எஸ்என்ஐயில் சொல்லிவிடும், அதனால் ஒரே ஐபி ஒரே போர்ட் போதும். 24.04 உடன் வருவது என்ஜின்எக்ஸ் 1.24. அதில் எச்டிடிபி2ஐ லிசன் வரியின் கடைசியில்தான் எழுத வேண்டும். "எச்டிடிபி2 ஆன்" என்ற தனி வரி 1.25.1இல்தான் வந்தது. புதிய கட்டுரைகளைப் பார்த்து அப்படியே எழுதினால் "அன்னோன் டைரக்டிவ்" என்று நிற்கும்.

கடைக்கும் ஏபிஐக்கும் ப்ராக்ஸி பாஸ், 127.0.0.1இன் அந்தந்தப் போர்ட்டுக்கு. ஹோஸ்ட் ஹெடர், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ மூன்றையும் அனுப்புங்கள். எக்ஸ்பிரஸ் பக்கம் "ட்ரஸ்ட் ப்ராக்ஸி" 1 என்று வைக்கவும். இது இல்லாவிட்டால் வந்த கோரிக்கை வெறும் எச்டிடிபி என்று எக்ஸ்பிரஸ் நினைக்கும், எக்ஸ்பிரஸ்-செஷன் செக்யூர் குக்கியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். உங்கள் மூன்றாவது தலைவலி இதுதான்.

லாராவெல், வேர்ட்பிரஸ் இரண்டையும் ப்ராக்ஸி செய்யாமல் எஃப்பிஎம் சாக்கெட்டுக்கே நேராகக் கொடுங்கள். உபுண்டுவின் ஃபாஸ்ட்சிஜிஐ-பிஎச்பி ஸ்னிப்பெட் எச்டிடிபிஎஸ் என்ற மாறியையும் சேர்த்தே அனுப்புவதால் இரண்டுக்கும் தாங்கள் பாதுகாப்பான இணைப்பில் இருப்பது தெரிந்துவிடும். லாராவெலின் என்வ் ஃபைலில் ஆப் யூஆர்எல்லை மாற்றுங்கள். வேர்ட்பிரஸுக்கு டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ் மூலம் பழைய முகவரியைப் புதியதாக்குங்கள். டேட்டாபேஸ் டம்ப்பை எடிட்டரில் திறந்து மாற்றினால் சீரியலைஸ் ஆன தகவல்களில் எழுத்து எண்ணிக்கை தவறிப்போய் விட்ஜெட்கள் காணாமல் போகும்.

ஐந்தாவதாக இன்னொரு சர்வர் பிளாக்கும் வையுங்கள்: லிசன் வரியில் டிஃபால்ட் சர்வர், உள்ளே எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக் ஆன். பெயர் தெரியாமல் வரும் கோரிக்கையை இது வாசலிலேயே திருப்பிவிடும். இல்லாவிட்டால் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் முதலில் ஏற்றப்பட்ட சைட் பதில் சொல்லும். நட்சத்திரச் சான்றிதழ் என்பதால் பிரவுசரும் முணுமுணுக்காது. வலைப்பூவைத் திறந்தால் அட்மின் வருகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் சோதனை, பிறகு ரீலோட். சான்றிதழ் ஃபைலை மாற்றினாலும் ரீலோட் செய்யாதவரை பழையதே மெமரியில் இருக்கும். எது வெளியே போகிறது என்று சந்தேகம் வந்தால் பிரவுசரை நம்ப வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்டை 127.0.0.1 போர்ட் 443க்கு விட்டு, சர்வர்நேம் ஆப்ஷனில் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

குமிழ்விளக்கு:

வெட்டிவேர் சொன்னது எல்லாம் சரி, ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என்ஜின்எக்ஸ் எதுக்கு? கேடின்னு இன்னொரு வெப் சர்வர் இருக்கு, அதைப் போட்டா பாதி வேலை மிச்சம். கேடிஃபைல்ல சைட் பெயர், பிரேஸுக்குள்ள "டிஎல்எஸ் இன்டர்னல்" ஒரு வரி, "ரிவர்ஸ் ப்ராக்ஸி" ஒரு வரி. முடிஞ்சது. எக்ஸ்-ஃபார்வர்டட் ஹெடர், வெப்சாக்கெட், எச்டிடிபியில இருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பறது எல்லாம் தானா நடக்கும். பிஎச்பிக்கு "பிஎச்பி ஃபாஸ்ட்சிஜிஐ" ஒரு வரி.

டாட் டெஸ்ட்டுக்கு அந்த "டிஎல்எஸ் இன்டர்னல்" வரியை மறந்தா கேடி வெளியில போய் நிஜச் சான்றிதழ் கேட்டு, கிடைக்காம, லாக் முழுக்கத் திட்டிக்கிட்டே இருக்கும். சைட் நிறைய இருந்தா மேல குளோபல் பகுதியில "லோக்கல் செர்ட்ஸ்"னு ஒரு தடவை எழுதினா போதும்.

கேடியோட ரூட் 10 வருஷம், நடுவுல இருக்கற இன்டர்மீடியட் 7 நாள், சைட் சான்றிதழ் 12 மணி நேரம்தான். அதுவே புதுப்பிச்சுக்கும். 12 மணி நேரம்னு பார்த்துட்டு ஏதோ கோளாறுன்னு பயந்துடாதீங்க. பிரவுசர் நம்பணும்னா கேடி ஓடிட்டு இருக்கும்போது உங்க யூசர்லயே "கேடி ட்ரஸ்ட்" ஒரு தடவை. சர்வீஸா ஓடற கேடிக்கு சிஸ்டத்தைத் தொட உரிமை கிடையாது, அதனால தானா நடக்கும்னு காத்திருந்தா நடக்காது.

டாக்கர்ல கேடி வச்சா டேட்டா டைரக்டரியை வால்யூமா வெளியே எடுத்து வைங்க. மறந்தா கன்டெய்னரை அழிச்சுக் கட்டற ஒவ்வொரு தடவையும் புது ரூட் பிறக்கும், பழசை நம்பின பிரவுசர் புதுசைத் தூக்கி எறியும்.

ஒரு முன்னெச்சரிக்கை: என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ ஏற்கெனவே 443ல இருந்தா கேடி எழும்பாது. எஸ்எஸ் கட்டளையில யார் பிடிச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு நிறுத்துங்க.

வெட்டிவேர்:

கேடி நல்ல கருவிதான், மறுப்பில்லை. புரொடக்‌ஷனில் என்ஜின்எக்ஸ் ஓடுகிறது என்றால் லோக்கலிலும் அதையே வைக்கச் சொல்வேன். ரீரைட் விதிகளும் அப்லோடு அளவு வரம்பும் லோக்கலிலேயே பிடிபடும். கேள்வி கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

பனையோலை:

புரொடக்‌ஷன் என்ஜின்எக்ஸ்தான், அதனால அந்த வழியிலேயே போனேன். பூட்டு வந்துடுச்சு, அட்மினும் வலைப்பூவும் நல்லா ஓடுது, செக்யூர் குக்கியும் வருது. ரெண்டு மூணு பாக்கி.

கடையைத் திறந்தா முதல்ல 502 எரர், அதாவது என்ஜின்எக்ஸுக்குப் பின்னாடி இருக்கற சர்வர்கிட்ட இருந்து பதில் வரலை. வைட் ஓடிட்டுத்தான் இருக்கு. ஹோஸ்ட் செட்டிங்கை மாத்தி அதைச் சரிபண்ணா, "பிளாக்டு ரிக்வெஸ்ட், திஸ் ஹோஸ்ட் இஸ் நாட் அலவ்டு"னு ஒரு வெள்ளைப் பக்கம். அப்புறம், எக்ஸ்பிரஸ்ல இருந்து அட்மினைக் கூப்பிடற ஒரு சர்வர் பக்க ஃபெட்ச் இருக்கு, அது "அனேபிள் டு வெரிஃபை தி ஃபர்ஸ்ட் சர்டிஃபிகேட்"னு விழுது. பிரவுசர்ல அதே முகவரி பச்சையா இருக்கு. என்வ் ஃபைல்ல நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ் போட்டும் மாறலை. வேர்ட்பிரஸ்ல இருந்து ஏபிஐயைக் கூப்பிட்டாலும் கர்ல் எரர் 60.

ஆலமர_நிழல்:

502க்கு நீங்களே விடை கண்டுவிட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வைட் "லோக்கல்ஹோஸ்ட்" என்ற பெயரில்தான் கேட்கும். நோட் 17க்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஓஎஸ் எந்த வரிசையில் விடை தருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். சில மெஷின்களில் ஐபிவி6 முகவரி முதலில் வரும். வைட் அங்கே மட்டும் கேட்க, என்ஜின்எக்ஸ் 127.0.0.1இல் கதவைத் தட்டும். வைட் கான்ஃபிக்கில் சர்வர் ஹோஸ்டை 127.0.0.1 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. 0.0.0.0 போட வேண்டாம், அது ஆபீஸ் வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் திறந்துவிடும்.

வெள்ளைப் பக்கம் 2025 ஜனவரியில் வந்த பாதுகாப்புத் திருத்தம். தெரியாத ஹோஸ்ட் ஹெடரை வைட் ஏற்காது. சர்வர் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் கடை.டெஸ்ட் என்று எழுதுங்கள். ட்ரூ என்று மொத்தமாகத் திறந்துவிடும் பதில்கள் நிறைய சுற்றுகின்றன. டிஎன்எஸ் ரீபைண்டிங் (வெளி டொமைன் பெயரை உள் ஐபிக்குத் திருப்பும் தந்திரம்) மூலம் வெளி வலைத்தளம் ஒன்று உங்கள் சோர்ஸ் கோடைப் படிப்பதைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டே வந்தது.

அடுத்து நீங்கள் கேட்கப்போவதற்கும் இப்போதே பதில்: ஃபைலை சேவ் செய்தால் பக்கம் தானாக மாறவில்லை என்றால், என்ஜின்எக்ஸில் அப்கிரேட், கனெக்‌ஷன் இரண்டு ஹெடரையும் வைட்டுக்கு அனுப்பவில்லை என்று பொருள். எச்டிடிபி வெர்ஷனை 1.1 ஆக்கவும் வேண்டும், 1.24இல் ப்ராக்ஸியின் இயல்பு நிலை 1.0. வைட் கான்ஃபிக்கில் எச்எம்ஆர் (அந்தத் தானாக மாறும் வசதி) போர்ட் என்று எதையாவது முன்பு எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அல்லது கிளையன்ட் போர்ட் 443 என்று சேருங்கள்.

இப்போது நோட். நம்பிக்கைப் பட்டியல் ஒன்றல்ல, ஆளாளுக்கு ஒன்று. நோட் தன் பைனரிக்குள்ளேயே மொசில்லாவின் பட்டியலைக் கட்டிக்கொண்டு வருகிறது. சிஸ்டத்தில் நீங்கள் சேர்த்தது அதற்குத் தெரியாது. நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ் சரியான மருந்துதான். ஆனால் நோட் தொடங்கும் கணத்தில் மட்டும்தான் அதைப் படிக்கும். டாட்என்வ் உங்கள் கோடு ஓட ஆரம்பித்த பிறகு என்வ் ஃபைலைப் படிக்கிறது, அதற்குள் வண்டி போய்விட்டது. பேக்கேஜ் ஜேசனில் ஸ்கிரிப்ட் வரியின் முன்னாலோ, ஷெல் ப்ரொஃபைலிலோ எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மதிப்பு, எம்கேசெர்ட்டை சிஏரூட் ஆப்ஷனோடு ஓட்டினால் வரும் டைரக்டரியில் உள்ள ரூட்சிஏ.பெம் ஃபைலின் முழுப் பாதை. நோட் 22.15க்கு மேல் என்றால் "யூஸ் சிஸ்டம் சிஏ" என்ற ஆப்ஷனே போதும்.

நோட் டிஎல்எஸ் ரிஜெக்ட் அன்ஆத்தரைஸ்டை 0 ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது அந்த ப்ராசஸிலிருந்து போகும் எல்லா இணைப்புக்கும் சரிபார்ப்பை அணைக்கும், பேமென்ட் கேட்வே உட்பட. லோக்கலில் போட்டது டாக்கர் கம்போஸ் வழியாக சர்வருக்கு ஏறுவது சர்வசாதாரணம்.

வேர்ட்பிரஸும் இதே ரகம். பிஎச்பி தானாக ஓடினால் உபுண்டுவின் பட்டியலைப் பார்க்கும், அதனால் லாராவெலில் பிரச்சினை வராது. வேர்ட்பிரஸ் மட்டும் தன் டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் டைரக்டரிக்குள் சொந்தமாக ஒரு சிஏ கட்டு வைத்திருக்கிறது, அதையே கர்லுக்குக் கொடுக்கிறது. அந்த ஃபைலில் ஒட்டாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். எம்யூ-பிளகின்ஸ் டைரக்டரியில் ஒரு சின்ன ஃபைல் வைத்து, எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆர்க்ஸ் ஃபில்டரில் எஸ்எஸ்எல்-சர்டிஃபிகேட்ஸ் மதிப்பை உபுண்டுவின் சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கட்டுக்குத் திருப்பிவிடுங்கள். எம்கேசெர்ட்டின் ரூட் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

பைத்தான் ஸ்கிரிப்ட் வந்தாலும் இதே கதைதான். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி செர்டிஃபையின் பட்டியலைப் பார்க்கும். ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில் மாறிக்கும் அந்த உபுண்டு கட்டையே காட்டுங்கள், ரூட்சிஏ.பெம்மை மட்டும் காட்டாதீர்கள். நோட்டின் மாறி இருப்பதோடு சேர்க்கும், இது இருப்பதை மாற்றிவிடும். வெளியுலக சைட் எல்லாம் ஒரேயடியாக விழும்.

டாக்கருக்குள் ஏதாவது ஓடினால் கூடுதலாக ஒன்று: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரே. ஹோஸ்ட்ஸ் ஃபைலை அப்படியே நகலெடுத்தால் தன் கதவைத் தானே தட்டும். என்ஜின்எக்ஸ் கன்டெய்னருக்கு நெட்வொர்க் ஏலியாஸாக நாலு பெயரையும் கொடுங்கள். ரூட்டை உள்ளே யூசர் லோக்கல் ஷேர் சிஏ-சர்டிஃபிகேட்ஸில் வைத்து அப்டேட் கட்டளையை ஓட்டுங்கள். ஃபைல் பெயர் டாட் சிஆர்டி என்று முடிய வேண்டும். பெம் என்று விட்டால் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் "0 சேர்க்கப்பட்டது" என்று முடித்துக்கொள்ளும்.

குமிழ்விளக்கு:

எக்ஸ்பிரஸ்ல ஹெல்மெட் (பாதுகாப்பு ஹெடர் சேர்க்கற பேக்கேஜ்) இருக்கா? இருந்தா டெவலப்மென்ட்ல எச்எஸ்டிஎஸ்ஸை அணைச்சு வைங்க, அது இயல்பாவே ஆன்ல இருக்கும். டாட் டெஸ்ட்டுக்குப் பெரிசா சேதம் இல்லை. ஆனா பழைய குரோம்ல எவனாவது அதே சான்றிதழ்ல லோக்கல்ஹோஸ்ட்டையும் சேர்த்து ஒரு தடவை திறந்துட்டா போச்சு. எச்எஸ்டிஎஸ் போர்ட் பார்க்காது. அந்த லேப்டாப்புல லோக்கல்ஹோஸ்ட்ல ஓடற எல்லாத்தையும், சம்பந்தமே இல்லாத வேற ப்ராஜெக்ட்டையும், எச்டிடிபிஎஸ்ஸுக்கு இழுத்துட்டுப் போகும். குரோம்ல நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்துல எச்எஸ்டிஎஸ் பகுதிக்குப் போய் அந்தப் பெயரை டிலீட் பண்ணாத்தான் விடுதலை. ஹிஸ்டரி, கேஷ் அழிக்கறதோட நிறுத்தாதீங்க, முதல்ல அங்க பாருங்க.

பனையோலை:

எல்லாம் ஓடுது. ஹெல்மெட் இருந்துச்சு, அணைச்சாச்சு. கடைசியா ஒண்ணு: இதையே ஃபோன்ல பார்க்கணும், கூட வேலை செய்யற ரெண்டு பேருக்கும் கொடுக்கணும். என் ரூட்சிஏ டைரக்டரியை ஜிப் பண்ணி அனுப்பலாமா?

ஆலமர_நிழல்:

கூடவே கூடாது. அந்த டைரக்டரியில் இரண்டு ஃபைல் இருக்கிறது. ரூட்சிஏ.பெம் ஊருக்குக் கொடுக்கலாம். ரூட்சிஏ-கீ.பெம் யார் கையில் கிடைத்தாலும் அவர் வங்கி, மெயில் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் அச்சடிக்கலாம், உங்கள் பிரவுசர் பூட்டுக் காட்டி வரவேற்கும். கிட்டில் ஏற்றாதீர்கள், சாட்டில் அனுப்பாதீர்கள். கூட வேலை செய்பவர்கள் தங்கள் மெஷினில் தாங்களே எம்கேசெர்ட் ஓட்டட்டும். ரெப்போவில் இருக்க வேண்டியது என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கும், சான்றிதழ் எடுக்கும் ஒரு வரி ஸ்கிரிப்டும்தான். சான்றிதழ் டைரக்டரி கிட்இக்னோரில்.

அவர்களில் யாராவது விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால், பிரவுசர் இருப்பது விண்டோஸ் பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். எம்கேசெர்ட்டை விண்டோஸில் இன்ஸ்டால் செய்து, டபிள்யூஎஸ்எல்லுக்குள் சிஏரூட் மாறியை அந்த விண்டோஸ் டைரக்டரிக்குக் காட்டினால் இரு பக்கமும் ஒரே ரூட். ஹோஸ்ட்ஸ் ஃபைலும் விண்டோஸுடையதைத்தான் திருத்த வேண்டும்.

ஃபோனுக்கு ரூட்சிஏ.பெம் மட்டும். ஐஃபோனில் ப்ரொஃபைலாக இன்ஸ்டால் ஆன பிறகும் வேலை முடியவில்லை. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், அடியில் சர்டிஃபிகேட் ட்ரஸ்ட் செட்டிங்ஸ் போய் அந்த ரூட்டுக்கான ஸ்விட்சைத் தள்ளினால்தான் சஃபாரி ஏற்கும். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி செட்டிங்ஸில் சிஏ சர்டிஃபிகேட் இன்ஸ்டால் என்று தேடுங்கள். குரோம் ஏற்றுக்கொள்ளும். உங்கள் சொந்த ஆப் ஏற்காது, ஆண்ட்ராய்டு 7 முதல் பயனர் சேர்த்த சிஏவை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்கில் டீபக் ஓவர்ரைட்ஸில் சேர்க்க வேண்டும்.

பெயர் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் பெரிய தடை, ஃபோனில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தொட முடியாது. சுலப வழி எஸ்எஸ்எல்ஐபி.ஐஓ. லேப்டாப்பின் வைஃபை ஐபி 192.168.1.20 என்றால், அதைக் கோடு போட்டு 192-168-1-20 என்று எழுதி, முன்னால் கடை, பின்னால் எஸ்எஸ்எல்ஐபி.ஐஓ. அந்தப் பெயர் அந்த ஐபிக்கே திரும்பும். எம்கேசெர்ட்டில் அந்தப் பெயருக்கும் சான்றிதழ் எடுத்து, சர்வர் நேமிலும் வைட்டின் பட்டியலிலும் சேருங்கள். ஏபிஐயையும் ஃபோனிலிருந்து கூப்பிட வேண்டும் என்றால் அதற்கும் இதே போல ஒரு பெயர், கார்ஸ் பட்டியலிலும் ஒரு வரி. சில ரவுட்டர்கள் வெளி டிஎன்எஸ் உள் ஐபியைத் தந்தால் ரீபைண்டிங் என்று தூக்கி எறிந்துவிடும். பெயரே கிடைக்கவில்லை என்றால் அதுதான் காரணம்.

தெருவோரக்_கணினி:

சிஏ, ரூட் என்று இவ்வளவு சுற்றாமல் சொந்த டொமைன் ஒன்றில் லோக்கல் என்று ஒரு துணைப்பெயர் வைத்து, அதை 127.0.0.1க்குக் காட்டி, டிஎன்எஸ்-01 முறையில் (டிஎன்எஸ் பதிவு வைத்து டொமைன் நம்முடையது என்று காட்டுவது) லெட்ஸ் என்கிரிப்டில் நட்சத்திரச் சான்றிதழ் எடுத்தால் நோட், வேர்ட்பிரஸ், ஃபோன் எல்லாம் தானாக நம்புமே?

வெட்டிவேர்:

நம்பும். ஃபோன் நிறைய, ஆள் நிறைய என்றால் அதுவே நல்ல வழி. ஆனால் 127.0.0.1 ஃபோனில் ஃபோனையே குறிக்கும், அதற்கு லேப்டாப்பின் வைஃபை ஐபியைக் காட்ட வேண்டும். 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும், அதற்கு டிஎன்எஸ் ஏபிஐ டோக்கன் ஒரு மெஷினில் இருக்க வேண்டும். டோக்கனை டொமைன் முழுதுக்கும் திறந்து வைக்காமல் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். நட்சத்திரம் இல்லாமல் தனிப் பெயரில் எடுத்தால் அந்தப் பெயர் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்ஸி லாகில் உலகத்துக்கே தெரியும், வெளிவராத ப்ராடக்டின் பெயரை அதில் வைக்காதீர்கள். பிரைவேட் கீயை பொது ரெப்போவில் போட்டால் சான்றிதழ் ரத்தாகும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே நாம் எழுதிய டெஸ்ட் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். உண்மையிலேயே தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால் எம்கேசெர்ட் அதைத் தானே ப்யூனிகோடாக மாற்றிக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் மாற்றாது. சர்வர் நேமிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் எக்ஸ்என் என்று தொடங்கும் அந்த வடிவத்தையே எழுத வேண்டும்.

பனையோலைக்கு: எம்கேசெர்ட் சான்றிதழ் இரண்டு வருடம் மூன்று மாதம் செல்லும். ஆப்பிள் கருவிகள் 825 நாளுக்கு மேல் போகும் சான்றிதழை ஏற்காது என்பதால் அந்த அளவு. அதுவே புதுப்பித்துக்கொள்ளாது. காலாவதி ஆகும் அன்று நாலு சைட்டும் சேர்ந்து விழும், அதே ஸ்கிரிப்டை இன்னொரு முறை ஓட்டி ரீலோட் செய்யுங்கள். ரூட்டைத் தொட வேண்டியதில்லை, அது 10 வருடம்.